பிள்ளைக்காம்பராவில் ஒரு பிள்ளைத்தமிழ்



வேலைக்குப் போகும் தாயும் அவளுடைய கைக்குழந்தையும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இப்படிச் சொன்னதும் நம்மில் பலருக்குக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொழும்பில் பஸ்ஸுக்கு ஓடும் ஓர் உத்தியோகப் பெண்தான் நினைவுக்கு வருவாள். பெண்கள் படித்து அலுவலகங்களுக்குப் போகத் தொடங்கிய பின்னர் வந்த பிரச்சினை என்றே நம்முடைய சஞ்சிகைகளும் பெரும்பாலும் இதனை எழுதி வருகின்றன.

ஹல்துமுல்லையிலிருந்து பெரகலைக்கு ஏறும் வீதியில் ஒரு காலைப்பொழுதில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் தெற்குச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். மறுபக்கம் செங்குத்தான தேயிலை மலை. லயத்திலிருந்து ஒரு பெண் வெளியே வருவாள். முதுகிலே கூடை, இடுப்பிலே படங்கு, கையிலே துணியால் சுற்றிய பிள்ளை. பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் பிரட்டுக்கு ஓடுவாள். இந்த ஓட்டம் அவளுடைய அம்மாவும் அம்மாயியும் ஓடிய ஓட்டம். நகரத்துப் பெண்ணுக்கு இரண்டு தலைமுறைக்கு முன் வந்த சிக்கல், நமது மலையகப் பெண்ணுக்கு நான்கைந்து தலைமுறைக்கு முன்பே வந்துவிட்டது.

இது எப்படி நேர்ந்தது? கோப்பிக் காலத்தில் வேலை பெரும்பாலும் பருவ வேலை. தமிழகத்திலிருந்து ஆண்கள் வந்து பழம் பறித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். தேயிலை அப்படிப்பட்டதல்ல. 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். பின்னர் கோப்பி நோயினால் அழிய, மலைநாடு முழுவதும் தேயிலை பரவியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஒரு மலையில் கொழுந்து எடுத்து ஒரு வாரம், பத்து நாளில் மறுபடியும் அதே மலைக்கு வரவேண்டும். அதற்குக் கைகள் எப்போதும் அங்கேயே இருக்க வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக ஆட்கள் வேண்டியிருந்தார்கள். பெண்கள் மிகவும் வேண்டியிருந்தார்கள். பெண்கள் வந்தால் பிள்ளைகள் பிறக்கும். பிறந்த பிள்ளையை ஓரிடத்தில் விட்டால்தான் தாய் மலையேறலாம். அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் பிள்ளைக்காம்பரா. சில தோட்டங்களில் அதற்குப் பிள்ளை மடுவம் என்று பெயர். இப்போது பலகையிலே ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று எழுதியிருக்கிறது. ஆனாலும் பழைய பெயர் சனங்களின் வாயிலிருந்து போகவில்லை.

இனி இலக்கியத்துக்கு வருவோம்.

தமிழிலே பிள்ளைத்தமிழ் என்றொரு சிற்றிலக்கிய வகை உண்டு. கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடிய பெரியாழ்வாரை அதற்கு முன்னோடி என்பர். 12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பாடினார். 17 ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மைக்குப் பாடினார். பத்துப் பருவங்கள். அவற்றுக்குப் பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கும் சொல்கின்றன. 3 ஆம் மாதம் காப்பு, 5 ஆம் மாதம் செங்கீரை, 7 ஆம் மாதம் தால், 9 ஆம் மாதம் சப்பாணி, 11 ஆம் மாதம் முத்தம். இப்படியே ஒற்றைப்பட்ட மாதங்களாக 21 ஆம் மாதம் வரை அந்தக் கணக்குப் போகும்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது அந்தக் கூர்ந்த பார்வைதான். செங்கீரை என்றால் என்ன? குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி முகத்தை அசைத்து ஆடுவது. சப்பாணி என்றால் உட்கார்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. பிள்ளையின் பக்கத்திலேயே நாளெல்லாம் இருந்தவர்கள் பார்த்துச் சொன்ன செய்திகள் இவை.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பிலே இதனை விளக்கிக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். தோட்டத்துப் பிள்ளை. “டீச்சர், எங்க வீட்டுல செங்கீரைய அம்மா எங்க பாத்திருப்பாங்க? ஆயாதான் பாத்திருப்பாங்க. அம்மா மலையில இல்ல நிப்பாங்க” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அன்று மாலை பாட்டியல் கணக்கையும் சட்டத்தின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கு உரியது 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். அது தருவது 12 வாரம். அதிலே பிரசவத்துக்கு முந்திய நாட்களும் அடங்கும். அப்படியானால் பிள்ளைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது தாய் மலைக்குத் திரும்பிவிட வேண்டும். பிள்ளைத்தமிழின் முதற் பருவமாகிய காப்புப் பருவமும் அந்த மூன்றாம் மாதந்தான்! புலவர் தெய்வங்களையெல்லாம் அழைத்துப் பிள்ளையைக் காக்கும்படி வேண்டுகிற அதே மாதத்தில், தாய் பிள்ளையை ஆயாவின் கையில் ஒப்படைக்கிறாள். மூன்றாவது பிள்ளைக்கும் அதற்குப் பின் பிறக்கும் பிள்ளைகளுக்கும் 2018 ஆம் ஆண்டுவரை கிடைத்தது 6 வாரந்தான். அந்தப் பிள்ளைகளுக்குக் காப்புப் பருவம் தொடங்குமுன்பே தாய் போய்விட்டாள். 2018 இல் வந்த திருத்தத்தின் பின்னரே எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம் என்றாயிற்று.

என் போன்ற அரசாங்க ஆசிரியைக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் கிடைக்கின்றன. சனி, ஞாயிறு, போயா தினங்கள் அதிலே சேரா. அதன் பிறகு அரைச் சம்பளத்திலும் 84 நாட்கள் எடுக்கலாம். நான் கற்பிக்கும் பிள்ளையின் தாய்க்கு அது இல்லை. ஒரே நாட்டிலே, ஒரே மலையிலே, தாய்ப்பாலுக்கு இரண்டு கணக்கு.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை சொல்கிறது. தோட்டத்து மருத்துவ மாதும் அதையே சொல்கிறார். மூன்றாம் மாதம் வேலைக்குப் போகிறவள் ஆறாம் மாதம் வரை எப்படிக் கொடுப்பாள்? இதற்குச் சட்டம் ஒரு வழி சொல்லியிருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு இடைவேளைகள் கொடுக்க வேண்டும். பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக் கூடாது. இல்லையென்றால் ஒரு மணிக்குக் குறையக் கூடாது. சாப்பாட்டு நேரம் இதிலே சேராது. உலகத் தொழில் நிறுவனம் 1919 ஆம் ஆண்டிலேயே நாளுக்கு இரண்டு அரை மணி என்று இதனை வகுத்தது.

ஒரு வயது வரை என்றால் என்ன அர்த்தம்? காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் ஆகிய ஐந்து பருவங்களும் அதற்குள் வந்துவிடுகின்றன. அந்த இரண்டு அரை மணியில்தான் மலையகத் தாய் தன் பிள்ளையின் ஐந்து பருவங்களையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க முடியும். மாலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனால் அடுப்பும் தண்ணீரும் விறகும் காத்திருக்கும். பிள்ளை தூங்கிவிடும்.

சட்டத்தில் இருக்கிற அரை மணி மலையிலும் இருக்கிறதா? இங்கேதான் சிக்கல். அலுவலகத்தில் இருப்பவர் எழுந்து போனால் நாற்காலி காலியாக இருக்கும், சம்பளம் குறையாது. கொழுந்து எடுப்பவள் இறங்கிப் போனால் கூடை நிறையாது. இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்ற கணக்கு அவள் தலைக்கு மேலே நிற்கிறது. கடைசி மலையிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கவே இருபது நிமிடமானால், ஏறிவர அதைவிட அதிகமாகும். அரை மணி பாதையிலேயே கழிந்துவிடும். ஆகவே பல தாய்மார் போவதில்லை. மார்பு கட்டி வலிக்க, படங்கு நனைய, கொழுந்து எடுத்துக்கொண்டே இருப்பார்கள். 1984 ஆம் ஆண்டிலேதான் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. ஆனால் பால் கொடுக்கப் போன நேரம் இன்னமும் அவளுடைய கிலோவிலேதான் கழிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்காம்பரா எங்கே இருக்கிறது என்பதும் தாய்க்கு ஒரு கவலை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி, நமது ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தக் காலைக்குப் பிறகு, மழை இருட்டிக்கொண்டு வந்தால் மேல் மலையில் நிற்கும் தாய்மாரின் கண் கொழுந்திலே நிற்பதில்லை. கீழே தகரக் கூரைகளைத் தேடுகிறது. பிள்ளைகள் இருக்கும் கட்டடம் உறுதியான நிலத்தில் இருக்கிறதா என்ற கேள்விக்கு அவளிடம் யாரும் பதில் சொல்வதில்லை.

நேயர்களே, நகரத்துத் தாயை நான் குறைத்துப் பேசவில்லை. அவளுடைய பாடும் பெரிது. டெல்லியிலே காந்தி நூற்றாண்டு நினைவுக்காகக் கட்டட வேலை நடந்தபோது, அந்த வேலைத்தலத்தில் தொழிலாளரின் குழந்தைகள் கிடந்த நிலையைக் கண்டு மீரா மகாதேவன் என்ற பெண்மணி 1969 இல் நடமாடும் பிள்ளைக் காப்பகங்களைத் தொடங்கினார். கட்டடம் எழும் இடத்துக்குக் காப்பகமும் போகும். இந்தியாவில் 2017 ஆம் ஆண்டுத் திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்றது. தாய் இருக்கும் இடத்துக்குப் பிள்ளையின் இடம் போக வேண்டும் என்ற அந்த எண்ணம், மலைக்கு மலை மாறி வேலை செய்யும் நமது பெண்களுக்குத்தான் மிகவும் பொருந்தும்.

நகரத்துத் தாய்க்கும் நம் மலைக்கும் வேறோர் உறவும் உண்டு. கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் எத்தனையோ தாய்மாரின் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தவர்கள் தோட்டத்திலிருந்து போன பெண்கள். அவர்களிலே தன் பிள்ளையை லயத்தில் அம்மாயியிடம் விட்டுப் போனவர்களும் உண்டு. அந்தப் பெண்ணின் தாலாட்டை ஒரு வீட்டுப் பிள்ளை கேட்டுத் தூங்கியது. இன்னொரு பிள்ளை கேட்காமலே தூங்கியது. பிறகு மத்திய கிழக்குக்கும் போனார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் அங்கு வீட்டு வேலைக்குப் போக முடியாதென 2013 இல் விதி வந்தது. பொருளாதார நெருக்கடி வந்த 2022 இல் அந்த வயது இரண்டாகக் குறைந்தது. நாட்டுக்குக் காசு தேவைப்பட்டபோது பிள்ளையின் பருவங்களில் மூன்று ஆண்டுகள் வெட்டப்பட்டன.

மலையக இலக்கியம் இந்தத் தாயை மறந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ நாவல் தோட்டத்துப் பெண்ணின் வாழ்வை மையத்தில் வைத்தது. சி.வி.வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகச் சேகரித்து வெளியிட்ட நாட்டார் பாடல்கள் இல்லையென்றால், நம் பாட்டிமாரின் குரல் நமக்குக் கிடைத்திராது. ஆனால் துரையையும் கங்காணியையும் வேலைநிறுத்தத்தையும் எழுதிய அளவுக்கு, பிள்ளைக்காம்பராவை நாம் எழுதவில்லை. அங்கே பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒன்றின் செங்கீரையையும் மற்றொன்றின் சப்பாணியையும் பார்த்துக்கொண்டிருந்த ஆயாவை எழுதவில்லை. தாய் மாலையில் வந்ததும், “இன்னைக்கு ஒம் மவ கை ஊனி நிமிந்தா தங்கச்சி” என்று அவள் சொல்லும் செய்தி இருக்கிறதே, அது மலையகத்துப் பிள்ளைத்தமிழ். எழுதப்படாத பிள்ளைத்தமிழ்.

என்னுடைய மாணவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். உங்கள் தோட்டத்து ஆயாவிடம் போய் உட்காருங்கள். அவர் பார்த்த பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் எப்போது தவழ்ந்தீர்கள் என்று கேளுங்கள். எழுதி வையுங்கள். தொழிற்சங்கத்தில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்பது ஒன்று. சம்பளப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, பாலூட்டப் போகும் தாயின் நேரத்தையும் மேசையில் வையுங்கள். அவள் இறங்கிய நேரத்துக்கு அவளுடைய கிலோவில் கழிவு கொடுங்கள். கொழுந்து எடுக்கும் மலைக்குக் கிட்டிய, சரிவு அச்சமில்லாத இடத்தில் பிள்ளைகளை வைத்துப் பாருங்கள். சட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கும் அரை மணிதான் இது. புதிதாக எதையும் கேட்கவில்லை.

அந்த மாணவி இப்போது ஓர் ஆசிரியை. அவளுக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. பிரசவ விடுமுறையில் இருந்தபோது எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். “டீச்சர், ஐந்தாம் மாதம் செங்கீரை பார்த்தேன். பாட்டியலில் இருப்பது சரிதான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்” என்று எழுதியிருந்தாள். அந்த அம்மா இன்னமும் கொழுந்து எடுக்கிறார். நான்கு பிள்ளைகளைப் பெற்றவர்.