கைக்கு ஏற்ற பலகை

(சங்க ஆண்டு விழாவின் இளைஞர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியமும் இசையும் நிறைந்த இவ்விழாவில், விளையாட்டுப் பெட்டி ஒன்றின் மேற்பலகையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இப்பொருள் இம்மேடைக்குப் பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். நம் குடியிருப்பின் இளைஞர்கள், சங்கத்தின் சிறுவர் அறையில் வைப்பதற்காக, ‘ஆர்க்கேட்’ எனப்படும் நின்றாடும் வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்றைத் தம் கைகளாலேயே செய்ய முனைந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு திரட்டிய பணம் அதற்குச் செலவாகப் போகிறது. பெட்டியின் கூட்டுக்கும், திரைக்கும், உள்ளே இயங்கும் சிறு கணினிக்கும் வழி கண்டாயிற்று. எஞ்சி நிற்பது ஒன்றே. ஆடுவோரின் கை படுகின்ற கட்டுப்பாட்டுப் பலகை எவ்வாறு அமைய வேண்டும்? அதில்தான் கருத்து வேறுபாடு எழுந்துள்ளது. ஆகவே அதனைச் சபையின் முன் வைப்பது முறையென்று கருதினோம்.

நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியை ஒரு கணம் நினைவு கூர்வோம். வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். ஒவ்வொரு குழியும் விரல்கள் கூடி உள்ளே சென்று சோழியை அள்ளிக்கொள்ளும் அளவினது. எதிரெதிரே அமரும் இருவருக்கும் அருகில் ஒரு வரிசை. அப்பலகையைச் செய்த தச்சர், கையின் அளவை அறிந்த பின்னரே உளியை எடுத்திருக்க வேண்டும். ஆறு வயதுப் பேத்தியும் அறுபது வயதுப் பாட்டியும் அதனை ஒருங்கே ஆட முடிந்தமைக்குக் காரணம் அதுவே. நாம் செய்யப்போகும் பலகைக்கும் இதுவே இலக்கணமாதல் வேண்டும். எத்தனை பொத்தான்கள் என்பது பின்னர் எழும் வினா. யாருடைய கைகள் என்பதே முதல் வினா.

இவ்வுண்மையை இத்துறையின் வரலாறே மெய்ப்பிக்கிறது. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘பாங்’ என்னும் ஆட்டத்தில், ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் இருந்தது திருகுகின்ற குமிழ் ஒன்றே. 1979-இல் அந்நிறுவனம் வெளியிட்ட ‘ஆஸ்டராய்ட்ஸ்’ என்னும் ஆட்டத்தில் கைப்பிடியே இல்லை. ஐந்து பொத்தான்கள் மட்டுமே. 1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தைச் சேர்ந்த தோரு இவாடானி அமைத்த ‘பாக்-மேன்’ ஆட்டத்தில் ஆடுவதற்குப் பொத்தானே இல்லை. நான்கு திசைகளில் அசையும் கைப்பிடி ஒன்றே போதுமானதாயிற்று. அதே ஆண்டில் வந்த ‘மிசைல் கமாண்ட்’ உருள்பந்தைக் கொண்டு ஆடப்பட்டது. 1981-இல் வந்த ‘டெம்பெஸ்ட்’ சுழல்குமிழைக் கொண்டு ஆடப்பட்டது. ஆட்டத்துக்கு ஆட்டம் பலகை வேறுபட்டது. ஒவ்வொரு பலகையும் தன் ஆட்டத்துக்கு வேண்டியதை மட்டுமே தாங்கி நின்றது.

மற்றொரு வரலாறும் நம் கவனத்துக்கு உரியது. ‘டிஃபெண்டர்’ என்னும் ஆட்டத்தை அமைத்தவர் யூஜின் ஜார்விஸ். மேலும் கீழும் அசையும் ஒரு கைப்பிடியும் ஐந்து பொத்தான்களும் கொண்ட அவ்வாட்டம், பழகாதவரைத் திணறச் செய்தது. பின்னர் ஒரு கார் விபத்தில் ஜார்விஸின் வலக்கை காயமுற்றது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டே பொத்தானை அழுத்துவது அவருக்கு அரிதாயிற்று. அதன்பின் 1982-இல் அவரும் அவருடைய தோழரும் வெளிக்கொணர்ந்த ‘ரோபோட்ரான்: 2084’ ஆட்டத்தில், ஆடுவதற்கு இரண்டு கைப்பிடிகள் மட்டுமே இருந்தன. ஒன்று நடப்பதற்கு; மற்றொன்று சுடுவதற்கு. காயம்பட்ட ஒரு கைக்குத் தேடிய வழி, பல்லாயிரம் கைகளுக்கு இன்பம் தந்தது. இயலாத கையை மனத்திற்கொண்டு அமைத்த கருவி, இயன்ற கைக்கும் எளிதாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1987-இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆட்டத்தை வெளியிட்டபோது, அதன் ஒரு வகைப் பெட்டியில் இரண்டு பெரிய மெத்தைப் பொத்தான்கள் இருந்தன. ஓங்கி அடித்தால் வலிய குத்து. மெல்லத் தட்டினால் எளிய குத்து. கேட்பதற்குப் புதுமைதான். எனினும் கை எவ்வளவு நேரம் ஓங்கி அடிக்கும்? ஆறு பொத்தான்களைக் கொண்ட மற்றொரு வடிவமே நிலைத்தது. 1991-இல் வந்த அதன் இரண்டாம் பாகம், மேல்வரிசையில் மூன்று குத்து, கீழ்வரிசையில் மூன்று உதை என்ற அமைப்பை உலகெங்கும் பரப்பியது. இன்றும் வீட்டில் பலகை செய்வோர் பலர் இதனையே அடிப்படையாகக் கொள்கின்றனர்.

1997-ஆம் ஆண்டில் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா ‘மேம்’ என்னும் மென்பொருளை வெளியிட்டார். பழைய இயந்திரங்களின் ஆட்டங்களைக் கணினியில் இயக்கிக் காட்டுவது அது. ஒரே பெட்டியில் பல ஆட்டங்கள் என்னும் ஆசைக்கு அது வாயில் திறந்தது. அவ்வாட்டங்களுக்கு உரிமையாளர் உளர் என்பதையும், உரிமை பெற்றவற்றையே சங்கப் பெட்டியில் ஏற்றுதல் வேண்டும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம். பல ஆட்டங்கள் வந்ததும், பல பலகைகளின் உறுப்புகளை ஒரே பலகையில் திணிக்கும் ஆசையும் உடன் வந்தது.

நம் இளைஞர்கள் வரைந்துள்ள படத்தைப் பார்த்தோம். நான்கு கைப்பிடிகள், ஓர் உருள்பந்து, ஒரு சுழல்குமிழ், முப்பத்திரண்டு பொத்தான்கள், ஏறத்தாழ ஐந்தடி அகலம். அவர்களின் ஊக்கத்தை மனமாரப் போற்றுகிறோம். ஆயினும் சில வினாக்களை அன்புடன் கேட்கிறோம். ஐந்தடிப் பலகை சிறுவர் அறையின் வாயிலில் நுழையுமா? நடுவில் நிற்கும் உருள்பந்தின் மேல், பக்கத்துப் பொத்தானை அழுத்துவோரின் உள்ளங்கை உராயாதா? முதன்முதலாக வரும் குழந்தை, முப்பத்திரண்டு பொத்தான்களில் தனக்குரியது எதுவென்று தேடித் திகைக்காதா? எல்லாருக்கும் எல்லாம் என்று செய்த பலகை, ஒருவருக்கும் உதவாத பலகையாய் முடிந்துவிடலாகாது.

கைப்பிடியின் உள்ளமைப்பையும் அறிந்துகொள்வது நன்று. பொதுவாக அதன் அடியில் திசைக்கு ஒன்றாக நான்கு சிறு சுவிட்சுகள் இருக்கும். எட்டுத் திசைக் கைப்பிடியைக் கோணத்தில் சாய்த்தால் இரண்டு சுவிட்சுகள் ஒருங்கே மூடும். சண்டை ஆட்டத்துக்கு அது வேண்டும். ‘பாக்-மேன்’ போன்ற ஆட்டத்துக்கோ அது தீங்கு. மேலே திரும்ப எண்ணிய கை சற்றே கோணத்தில் சாய்ந்தால், திரும்ப வேண்டிய சந்து தவறிப் போகும். பின்தொடரும் பேயிடம் அகப்பட நேரும். குழந்தை தன் கையைக் குறை கூறிக்கொள்ளும்; குறை கைப்பிடியினுடையது. கைப்பிடியின் அடியில் அசைவை வரையறுக்கும் தடைத்தகடு ஒன்று உண்டு. சில வகைகளில் அதனைத் திருப்பிப் பொருத்தி நான்கு திசைக்கு மாற்றலாம். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பலகையைத் திறந்து திருப்புவார் யார்?

ஆகவே எம் கருத்து இது. பெட்டி ஒன்றாக இருக்கட்டும்; பலகைகள் இரண்டாக இருக்கட்டும். பலகையைத் திருகாணியால் நிலையாகப் பூட்டிவிடாமல், பெட்டிகளுக்கு வைக்கும் கொக்கிப் பூட்டினால் இணைத்தால், வேண்டும்போது எடுத்து மாற்றிக்கொள்ளலாம். கம்பிகள் யாவும் அந்தந்தப் பலகையின் அடியிலேயே ஒரு சிறு இணைப்பு அட்டையில் முடிந்து, அங்கிருந்து ஒரே யுஎஸ்பி கம்பி கணினிக்குச் செல்லும். பலகையை மாற்றுதல் என்பது அக்கம்பியை மாற்றிச் செருகுவதே ஆகும்.

முதற்பலகை எளிமையானது. நடுவில் நான்கு திசைக் கைப்பிடி ஒன்று. அதன் இருபுறமும் ஒவ்வொரு பெரிய பொத்தான். இரு பொத்தான்களின் கம்பிகளையும் இணைப்பு அட்டையின் ஒரே முனையில் சேர்த்துவிட்டால், எதனை அழுத்தினாலும் பயன் ஒன்றே. பெரும்பாலான பெட்டிகளில் கைப்பிடி இடப்புறமும் பொத்தான்கள் வலப்புறமும் இருப்பது வழக்கம். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைக்கும், ஒரு கை நடுங்கும் முதியவருக்கும் அவ்வழக்கம் ஒரு தடை. ஒரேயொரு பொத்தானைக் கூட்டினால் அத்தடை நீங்கும். கைப்பிடியின் தலை, உருண்டையாக இருப்பதைவிட நீண்ட பேரிக்காய் வடிவில் இருப்பின், கையால் முழுவதும் பற்றிக்கொள்வோர்க்கு உதவும்.

இரண்டாம் பலகை இளைஞர்களுக்கு உரியது. எட்டுத் திசைக் கைப்பிடிகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆறு பொத்தான்கள். ஜப்பானிய வகைப் பொத்தான்களுக்கு 30 மில்லிமீட்டர் துளை வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கும் சிறு பொத்தான்களுக்கு 24 மில்லிமீட்டர் துளை போதும். பொத்தானின் விளிம்பு துளையினும் அகன்றதாதலின், மையத்துக்கு மையம் 36 மில்லிமீட்டர் அளவில் விட்டால் விளிம்புகள் மோதா. நம் விரல்கள் ஒரே நீளமுடையவை அல்ல. ஆகவே பொத்தான் வரிசையும் நேர்கோடாக இராமல் விரல் நுனிகளின் வளைவைப் பின்பற்றுதல் நலம். தொடங்கும் பொத்தானையும் ஆட்டத்தை விட்டு வெளியேறும் பொத்தானையும் கை தவறிப் படாத தொலைவில் வைத்தல் வேண்டும். வெற்றி பெறும் தறுவாயில் ஆட்டம் அணைந்து போனால், நட்பும் அணைந்து போகும் அன்றோ?

பலகைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் உறுதியானது. ஆனால் அத்தடிப்பில் சில கைப்பிடிகளின் தண்டு மேலே போதிய அளவு வெளிவராது. அங்கே அடிப்பக்கத்தில் தச்சரைக் கொண்டு சற்றுக் குடைந்து பொருத்துதல் வேண்டும். பழைய கணினி விசைப்பலகையைப் பிரித்துக் கம்பி இழுக்கலாம் என்றும் சிலர் கூறினர். அவ்விசைப்பலகைகளில் விசைகள் குறுக்கும் நெடுக்குமான கம்பி வரிசைகளில் பின்னப்பட்டிருக்கும். இருவர் ஒருங்கே பல விசைகளை அழுத்தும்போது, சில அழுத்தங்கள் பதியாமல் போகலாம். அழுத்தாத விசை அழுந்தியதாகவும் தோன்றலாம். இதற்கெனவே விற்கும் இணைப்பு அட்டையில் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனி முனை உண்டு. சிக்கனத்தை வேறு இடத்தில் காட்டுவோம்.

எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. அதற்குச் செலவு இல்லை. பழைய அட்டைப் பெட்டியைப் பலகையின் அளவுக்கு வெட்டுங்கள். நாணயங்களையும் புட்டி மூடிகளையும் பொத்தான்களாக அதன்மேல் ஒட்டுங்கள். நிற்கும் மட்டத்தில் மேசைமேல் வைத்து, குடியிருப்பின் பெரியவரையும் சிறியவரையும் ஒவ்வொருவராக அழைத்துக் கைகளை வைக்கச் சொல்லுங்கள். எவர் மணிக்கட்டு வளைகிறது, எவர் விரல் எட்டவில்லை, எவர் தோள் அடுத்தவர் தோளில் இடிக்கிறது என்று பாருங்கள். அட்டையில் மூடியை நகர்த்துவது ஒரு நொடி வேலை. பலகையில் இட்ட துளையை நகர்த்த எவராலும் இயலாது. சிறுவர் ஏறி நிற்க ஒரு படிக்கட்டையை அப்போதே செய்துவிடுங்கள். பலகை பெரியவரின் இடுப்புக்குச் சற்று மேல் நிற்கும். நான்கடிக் குழந்தைக்கோ அது மார்பளவு.

இரு பலகைகளில் எதனை முதலில் செய்வது என்பதே இனித் தீர்க்க வேண்டியது. இருக்கும் பணத்தில் உடனே ஒன்றுதான் ஆகும். எளிய பலகையே முதலில் ஆகட்டும் என்று வேண்டுகிறோம். இளைஞர்களுக்கு ஆடுவதற்கு வேறு வழிகள் உண்டு. கையில் செல்பேசி உண்டு. மாலையில் துணையின்றித் திண்ணையிலும் பூங்காவிலும் அமர்ந்திருக்கும் முதியவருக்கும், வேற்றுமொழி பேசும் பள்ளியிலிருந்து திரும்பித் தமிழ் பேச ஆள் தேடும் குழந்தைக்கும், ஒருவர் அருகில் ஒருவர் நின்று சிரிக்க ஓர் இடம் வேண்டும். ஊரை விட்டு வந்த நாம் சங்கம் அமைத்தது அதற்காகத்தானே? ஒரு கைப்பிடியும் இரு பொத்தான்களும் அதற்குப் போதும். இரண்டாம் பலகைக்கான பணம் அடுத்த ஆண்டில் தானே சேரும். முதற்பலகையில் ஆடி மகிழ்ந்தவர்களே அதனை மனமுவந்து தருவர்.

இளைஞர்களே! உங்கள் திறமையில் எமக்கு முழு நம்பிக்கை உண்டு. துளையிடும் கருவியை எடுக்குமுன் அனைவரின் கைகளையும் ஒருமுறை பாருங்கள் என்பதே எம் வேண்டுகோள். நாளை மாலையே அட்டைப் பலகையைச் சங்க அறையில் வையுங்கள். பெரியோர்களும் தாய்மார்களும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு தவறாது வந்து, கைகளை வைத்துப் பார்த்து, உங்கள் கருத்தைக் கூறி உதவுங்கள்.