சங்கிலியும் சட்டமும்

உங்கள் வீட்டு வாசலில் நாய் கட்டியிருக்கிறீர்களா? கட்டலாம், தப்பில்லை. ஆனால் அந்தச் சங்கிலிக்கும் சட்டம் உண்டு.

1960-ஆம் ஆண்டு வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம். அடிப்பது மட்டும்தான் வதை என்று அது சொல்லவில்லை. ரொம்பக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் வதைதான். ரொம்பக் கனமான சங்கிலியும் அப்படித்தான். எந்நேரமும் கட்டியே கிடக்கும் நாயை நடக்க விடாததும் வதைதான். தண்ணீர்ச் சட்டிக்கு எட்டுகிறதா, நிழலுக்கு எட்டுகிறதா, பாருங்கள். "நான் கை ஓங்கியதே இல்லையே" என்றால் செல்லாது.

இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் யார் தெரியுமா? நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் செய்யும் என்று நேரு உறுதி சொன்ன பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார்.

ஒரு குறை. முதல் தடவைக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். இன்றைக்கு அதில் ஒரு மசால் தோசை வருமா? ஆனால் ஒரு பிராணியைக் கொன்றாலோ, ஊனமாக்கினாலோ கதை வேறு. இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 5 ஆண்டு வரை சிறை. அப்படி ஏதும் கண்ணில் பட்டால், பக்கத்துக் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம்.