மைனர் குழந்தையும் நியாயஸ்தல எல்லையும்
(இராஜபாளையத்தில் நிகழ்ந்த நம் சங்கக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



நம்மவர் பலர் இன்று ஐதராபாத்திலும் பெங்களூரிலும் குடியேறி வாழ்கின்றனர். அங்குப் பிணக்குற்ற தம்பதிகளில் ஒருவர் குழந்தையை எடுத்துக்கொண்டு இராஜபாளையம் வந்துவிடின், வழக்கை எவ்வூரில் தொடுப்பது? அண்மையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜில்லா கோர்ட்டு இருக்க, வேறெங்குச் செல்வது என்பார் உளர். 1890ஆம் ஆண்டின் கார்டியன் சட்டமோ, மைனர் சாதாரணமாக வசிக்கும் இடத்துக் கோர்ட்டுக்கே அதிகாரம் தந்துள்ளது. பெற்றோர் 'என் மகவு' என ஆறாம் வேற்றுமையில் வாதிடுவர். சட்டம் 'எவ்வூரின்கண்' என ஏழாம் வேற்றுமையில் வினவும். தமிழ்ப் பண்டிதராகிய எமக்கு இங்ஙனம் தோன்றுதல் இயல்பே.

இவ்வினாவை முதலில் ஆராயாமையால் விளைந்த கேட்டிற்கு ஜே. கிருஷ்ணமூர்த்தியின் வழக்கே சான்று. 1910இல் அவர் தந்தை நாராயணையா, தம் புதல்வர் இருவரையும் அன்னி பெசன்ட் அம்மையாரின் பாதுகாப்பில் எழுதிக் கொடுத்தார். 1912இல் அம்மையார் அவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். மனம் மாறிய தந்தை செங்கற்பட்டு ஜில்லா கோர்ட்டில் வழக்கிட, அது சென்னை ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. 1913இல் தந்தைக்கே தீர்ப்பாயிற்று, அப்பீலிலும் அவ்வாறே. 1914இல் இலண்டன் பிரிவி கௌன்ஸில் அதனைத் தள்ளிற்று. சிறுவர் செங்கற்பட்டு ஜில்லாவில் வசிப்பவரல்லர், அக்கோர்ட்டுக்கு அதிகாரமில்லை, அவர்களைக் கேளாமலே இந்தியாவுக்குக் கொணரக் கட்டளையிட்டதும் தகாது என்பது முடிவு. சென்னையில் இருமுறை வென்ற தந்தை வெறுங்கையராய் நின்றார். அவர் துயரை எண்ணுங்கால் எம் நெஞ்சு கனக்கின்றது. ஆயினும் சிறுவரைக் கேட்டல் வேண்டும் என்றது நன்றே. 1913இல் மூத்தவர் பதினெட்டு வயதை எட்டியவரன்றோ!

ஒரு குழந்தையைத் தூக்கி வந்த மறுநாளே புதிய ஊர் அதன் வசிப்பிடம் ஆகிவிடாது. ஒவ்வொரு வழக்கிலும் உண்மை நிலையை ஆராய்ந்தே துணிவர். 2011இல், அமெரிக்காவினின்று வந்து தில்லியில் தாயுடன் தங்கிப் பள்ளி சென்ற சிறுவனது வழக்கில், தில்லிக் கோர்ட்டுக்கே அதிகாரம் உண்டென்றது சுப்ரீம் கோர்ட்டு. ஆதலின் பஞ்சாயத்துப் பேச அமரும் நம் பெரியோர், குழந்தை எப்பள்ளியில் பயின்றது என்பதை முதலில் கேட்பாராக.

கட்டளை பெறுதல் ஒன்று; அதை நிறைவேற்றுதல் மற்றொன்று. பாதுகாப்பினின்று நீக்கப்பட்ட மைனரை மீட்டு ஒப்புவிக்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் தருகிறது. கோர்ட்டு நியமித்த கார்டியன், அதன் அதிகாரத்தைத் தடுக்கும்படி அனுமதியின்றி மைனரை எல்லைக்கு வெளியே கொண்டுசென்றால், ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிவில் சிறை. ஆயிரம் ரூபாய் 1890இல் பெருந்தொகை. இன்று குடும்பத்தோடு ஐதராபாத்துக்குச் சென்று மீளும் செலவுக்கும் போதாது!

ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு இடும் வழியும் உண்டு. அஃது எல்லா வழக்குக்கும் உரியதன்று; குழந்தையைச் சட்டப்படி உரிமையில்லாதார் வைத்திருக்குமிடத்தே செல்லும் என்று 2019இல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கிற்று. விரிவான விசாரணை வேண்டுமாயின் கார்டியன் சட்டத்தின்படி உரிய கோர்ட்டுக்கே செல்லல் வேண்டும்.