கோடு பார்த்து மாட்டுங்க



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எங்க குழு கடன் வாங்கி எல்.இ.டி. பல்பு செய்ய ஆரம்பிச்சப்போ, இது நமக்கு வருமான்னு பயந்தேன். முதல் வாரம் நான் பத்தவச்ச பல்பை மாட்டி சுவிட்ச் போட்டதும் பட்டுன்னு வெடிச்சது. கெபாசிட்டரைத் தலைகீழா வச்சிருந்தேன். அன்னைக்கு நான் செஞ்ச பன்னிரண்டு போர்டிலும் அதே தப்பு. கடன் பணமாச்சே! குழுவை விட்டே விலகிடலாம்னு தோணுச்சு.

பயிற்சி கொடுத்த அக்கா திட்டலை. "பொருள் மேலேயே எழுதியிருக்கு, படிம்மா"ன்னாங்க. கரண்டு கொடுக்காத பதினொரு போர்டையும் கழற்றித் திருப்பி வச்சோம். அத்தனையும் எரிஞ்சது.

அன்னைக்குக் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

உருளை மாதிரி இருக்கிற கெபாசிட்டரில் ஒரு பக்கம் பட்டைக்கோடு இருக்கும். அந்தப் பக்கத்துக் கால் மைனஸ். புதுசில் நீளமான கால் பிளஸ். டயோடில் வெள்ளிக் கோடு இருக்கிற முனை மைனஸ் பக்கம்; போர்டில் வரைஞ்ச கோட்டோடு அது பொருந்தணும். இரண்டு கால் வச்ச சின்ன எல்.இ.டி.யில் நீளக்கால் பிளஸ். ரெசிஸ்டருக்கு மட்டும் திசை கிடையாது, எப்படி வேணாலும் மாட்டலாம். ஆனா அதன் நிறக்கோடுதான் அளவு. பழுப்பு 1, கருப்பு 0, சிவப்புன்னா பின்னாடி இரண்டு பூஜ்யம். ஆக 1000 ஓம்.

கெபாசிட்டரில் வோல்ட் எண்ணையும் பாருங்க. வீட்டுக் கரண்டு 230 வோல்ட்தான். ஆனா டயோடு வழியா வந்து கெபாசிட்டரில் நிறையும்போது 325 வரைக்கும் போகும். அதனாலதான் அந்த இடத்தில் 400 வோல்ட் போடுறோம். கம்மியான வோல்ட் போட்டா திசை சரியா இருந்தாலும் வெடிக்கும்.

கரண்டை நிறுத்தினாலும் கெபாசிட்டருக்குள்ள கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கும். சும்மாதானேன்னு உடனே கை வச்சுடாதீங்க.

இப்பவும் எங்க குழுவில் ஒருத்தி மாட்டினதை இன்னொருத்தி கோடு பார்த்த பிறகுதான் சுவிட்ச் போடுவோம். கணக்கு நோட்டை இரண்டு பேர் சரிபார்க்கிறோம் இல்லையா, அதே மாதிரிதான். வெடிச்ச அந்தக் கெபாசிட்டரை இன்னும் எங்க மேசையில் வச்சிருக்கேன். புதுசா வர்றவங்களுக்கு அதைத்தான் முதல்ல காட்டுவேன்.