காலி செய்யும் முன் ஒரு முழுப் படம்

(சங்க அறையில் நடந்த மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காக.)

செயலாளர் எனக்குக் கொடுத்தது இருபது நிமிடம். புரொஜெக்டரைச் சரி செய்வதிலேயே ஐந்து நிமிடம் போய்விட்டது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சித்திரை முடிவதற்குள் நாம் எல்லோரும் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். புதுக் கட்டடத்தில் லிஃப்ட் வரும். என் முழங்காலுக்கு அது நல்ல செய்திதான். ஆனால் மூன்று பிளாக்கும் நடுவில் இருக்கும் வேப்பமரமும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் நம்மில் யாரிடமாவது இருக்கிறதா? வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பார்த்தேன். பிறந்தநாள் படம் வந்தது, கொலுப் படம் வந்தது, மழைத் தண்ணீரில் பாதி முழுகிய ஸ்கூட்டர் வந்தது. முழு இடமும் தெரிகிற படம் ஒன்றுகூட வரவில்லை. காரணம் எளிது. எங்கே நின்றாலும் இவ்வளவும் ஒரு படத்துக்குள் அடங்காது. இன்னும் பின்னால் போகலாம் என்றால் மதில் முதுகில் இடிக்கும். பல படங்களாக எடுத்து ஒட்டுவதுதான் வழி. அதைத்தான் பனோரமா என்கிறார்கள்.

செல்போனிலேயே அந்த வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் வருவது உயரம் குறைந்த நீளப் பட்டை. சுற்றும்போது ஒரு குழந்தை குறுக்கே ஓடினால் அதற்கு மூன்று கால் முளைத்துவிடும். உங்கள் பீரோவில் தூங்கும் சின்ன டிஜிட்டல் கேமராவை எடுங்கள். பெரிதாக பிரிண்ட் போட்டு மாட்டுகிற அளவுக்கு அதில் படம் கிடைக்கும்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். 2009இல் எங்கள் ஊர் வீட்டை விற்றோம். கிரயத்துக்கு முதல் நாள் முற்றத்தில் நின்று சுற்றிச் சுற்றி ஒன்பது படம் எடுத்தேன். கேமரா ஆட்டோவில் இருந்தது. வெளிச்சம் அதிகமான கிழக்குப் பக்கத்தை அது இருட்டாக்கியது, தாழ்வாரத்தை வெளுக்க வைத்தது, ஓரிடத்தில் தானாக ஃபிளாஷ் வேறு அடித்தது. இங்கே வந்து கணினியில் ஒட்டிப் பார்த்தபோதுதான் பெரிய தப்பு தெரிந்தது. அடுக்களை வாசல் ஒரு படத்தில் முடிகிறது, அடுத்த படம் பூஜை அறையில் ஆரம்பிக்கிறது. நடுவில் இரண்டு முழம் இல்லை. அந்த இரண்டு முழத்தில்தான் அம்மாவின் ஆட்டுக்கல் கிடந்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது வீட்டை இடித்துவிட்டிருந்தார்கள்.

ஆகவே முதல் வேலை, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வர வேண்டும். மூன்றில் ஒரு பங்காவது ஏறினால் நல்லது. கேமராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். உயரம் கூடுதலாகக் கிடைக்கும். ஜூமைத் தொடவே வேண்டாம். அப்படிப் பிடித்தால் ஒரு படத்தில் சுமார் 40 முதல் 45 டிகிரி அடங்கும். தரையில் ஒரு கடிகாரம் வரைந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு மணிக்கு ஒரு படம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 30 டிகிரி திரும்புகிறோம், மீதி ஏறி வரும். முழுச் சுற்றுக்கு 12 படம். ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை அரைச் சுற்று என்றால் 7 படம். மேலும் கீழும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், ஒட்டிய பிறகு ஓரங்களை வெட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது வெளிச்சம். எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு வேண்டும். பழைய கேனன் பவர்ஷாட் சிலவற்றில் இதற்கென்றே 'ஸ்டிட்ச் அசிஸ்ட்' இருக்கும். முதல் படத்தின் அளவையே அடுத்தவற்றுக்கும் வைத்துக்கொண்டு, முந்தைய படத்தின் ஓரத்தைத் திரையில் காட்டும். அது இல்லாத கேமராவில் ஃபிளாஷை அணையுங்கள், ஐ.எஸ்.ஓ.வை ஒரே எண்ணில் வையுங்கள், வெள்ளைச் சமன்பாட்டை 'வெயில்' என்று மாற்றுங்கள். மேனுவல் இருந்தால், சூரியனையும் பார்க்காமல் நிழலையும் பார்க்காமல் நடுத்தரமான பக்கத்தில் அளவெடுத்துக்கொள்ளுங்கள். மேகமூட்டமான காலை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தாவுகிறதல்லவா? கேமரா நகர்ந்தாலும் அதேதான் நடக்கும். கையை நீட்டிக்கொண்டு நாம் சுற்றினால் கேமரா ஒரு வட்டமே போட்டுவிடும். தூரத்துக் கட்டடத்துக்குப் பாதகமில்லை. பக்கத்தில் இருக்கிற படிக்கட்டுக் கைப்பிடி இரண்டாகத் தெரியும். சுழல வேண்டியது லென்ஸ். கொத்தனாரின் தூக்குக்குண்டு நினைவிருக்கிறதா? கேமராவில் லென்ஸுக்கு நேர் கீழே வரும் விளிம்பில் செல்லோடேப்பால் ஒரு நூலை ஒட்டி, முனையில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம். நட்டு நாணயத்தின் மேலேயே நிற்கும்படி நீங்கள் அதைச் சுற்றி நகருங்கள். முற்றத்தில் நான் இதைச் செய்தபோது வாட்ச்மேன் என்ன மந்திரம் சார் என்று கேட்டார். ஸ்டாண்டு வாங்கும் செலவு மிச்சம்.

ஒட்டுவதற்கு 'ஹியூகின்' என்ற இலவச மென்பொருள் போதும். படங்களை ஏற்று, ஒருங்கமை, உருவாக்கு என்று மூன்று பொத்தான். அக்கம்பக்கத்துப் படங்களில் ஒரே மாதிரியான புள்ளிகளைத் தேடி அது பொருத்துகிறது. ஜன்னல் மூலை, கிளை, சுவர் விரிசல் எல்லாம் அதற்கு அடையாளம். வெறும் வானமும் வெள்ளைச் சுவரும் மட்டும் இருந்தால் திணறும். அகலமான படத்தில் நேரான கைப்பிடிச் சுவர் வில்லாக வளைந்து தெரியும். பயப்பட வேண்டாம், அது உருளை வடிவத்தில் விரிப்பதால் வருவது. இன்னொன்று, படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். அளவு சுருங்கிவிடும், லென்ஸ் விவரமும் போய்விடும். மெமரி கார்டையே கொண்டுவாருங்கள்.

சுற்றுச்சுவரில் நம் பிள்ளைகள் வரைந்த ஓவியங்களுக்கு மட்டும் முறை வேறு. அங்கே சுழலக் கூடாது. சுவரிலிருந்து ஒரே தூரத்தில், சுவரை நேராகப் பார்த்தபடி, இரண்டடிக்கு ஒரு படமாக நடக்க வேண்டும். மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை இப்படித்தான் எடுத்தார். 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு மேல். பெரிய மரக் கேமரா, தஞ்சாவூர் வெயில். நமக்கு இருப்பது சட்டைப்பைக் கேமராவும் முப்பதடிச் சுவரும்தான். சுவரோரம் நிற்கிற வண்டிகளை மட்டும் அன்று தள்ளி நிறுத்த வேண்டும். முன்னால் நிற்கும் பொருள் ஒட்டும்போது இரண்டாகிவிடும்.

வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வேப்பமரத்தடியில் கூடுவோம். முற்றம் முதலில், பிறகு ஏ பிளாக் மொட்டை மாடி, கடைசியில் சுவர். முந்தின இரவே பேட்டரியை சார்ஜ் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு சுற்றையும் இரண்டு தடவை எடுப்போம், கிளம்பும் முன் அங்கேயே மடிக்கணினியில் ஒட்டியும் பார்த்துவிடுவோம். துணிக்கொடியில் துணி காய்ந்தால் காயட்டும், யாரும் எடுக்க வேண்டாம்.