உடையாது, ஆனால் வளையும்

புத்தக அலமாரியில் பிளைவுட் தட்டு நடுவில் தொய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடையவில்லை, வளைந்துவிட்டது. உடையாமல் தாங்குவது வலிமை. வளையாமல் நிற்பது விறைப்பு. இரண்டும் வேறு வேறு.

சோதனைக்கூடத்தில் பலகைத் துண்டை இரண்டு தாங்கிகள் மேல் படுக்க வைத்து, நடுவில் மெல்ல மெல்ல அழுத்துவார்கள். எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால் விறைப்பு தெரியும். முறியும் வரை அழுத்தினால் வலிமை தெரியும். ஒரே பலகையில் நீளவாக்கில் ஒரு துண்டு, குறுக்குவாக்கில் ஒரு துண்டு வெட்டிச் சோதிப்பார்கள். மேல்பக்க மர ரேகை நீளவாக்கில் ஓடும் துண்டுதான் பொதுவாகக் குறைவாக வளையும்.

பலகையின் கனத்தை இரண்டு மடங்காக்கினால், விறைப்பு ஏறக்குறைய எட்டு மடங்காகும். ஆமாம், எட்டு மடங்கு!

அடுத்த முறை அலமாரி செய்யும்போது தச்சரிடம் கேளுங்கள்: "மேல் ரேகை தட்டின் நீளத்தில்தானே ஓடுகிறது?"