கல்லைக் காக்கும் கட்டுறுதி



வீட்டைக் குடிக்கூலிக்கு விடுவோர், சுவரில் ஆணி அறையலாகாது என்றுகூட எழுதி வாங்குகின்றனர். ஆனால், எண்ணூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு எழுத்தைத் தாங்கி நிற்கும் கோயிற்சுவரைத் திருப்பணிக்கென ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, அவ்வெழுத்துக்கு ஊறு நேரலாகாது என்று எழுதி வாங்குவோர் எத்தனை பேர்? குடிக்கூலி வீட்டுச் சுண்ணாம்புக்கு உள்ள காப்பு, தமிழனின் வரலாற்றுக்கு இல்லையா?

உடன்படிக்கை என்பது கடலூர் மண்ணுக்குப் புதிதன்று. 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமம், செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னன் இராசாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக்குண்டு எட்டும் தொலைவு வரையுள்ள நிலமெல்லாம் வாங்கியவர்க்கே உரியது என்பது உடன்பாடு. அவ்வாறு குண்டால் அளக்கப்பட்டவை குண்டூர்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அதற்குச் சான்று. அக்கோட்டையைத் தூய தாவீது கோட்டை என்றனர் ஆங்கிலேயர். 1758-இல் இலாலியின் தலைமையில் வந்த பிரஞ்சுப்படை அதனைக் கைப்பற்றித் தகர்த்தது. இன்று கெடிலக் கரையில் எஞ்சியிருப்பவை சிதைவுகளே. அது நிலத்தைப் பற்றுதற்கு எழுந்த உடன்படிக்கை, காத்தற்கு எழுந்ததன்று.

காத்தற்கு எழுந்த உடன்படிக்கை எப்படியிருக்கும் என்பதைத் தமிழர் கல்லிலேயே காட்டிச் சென்றனர். தில்லைக்குத் தென்மேற்கே, கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது திருமழபாடி. அங்குள்ள சிவன் கோயிலின் கருவறை மாளிகையைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். ஆனால், பிரிக்கும்முன் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளையெல்லாம் படியெடுத்துப் பொத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் அவ்வாணையின் உறுப்பு. அவன் மைந்தன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1026-இல், அப்பொத்தகத்தைப் பார்த்துப் பழைய எழுத்துகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. ஆணையிட்டவன் மறைந்தான், ஆணை மறையவில்லை. பழையதைக் காக்கும் பொறுப்பைத் திருப்பணி ஆணையிலேயே சேர்த்தெழுதும் அறிவு தமிழனுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது!

குத்தகை முறையிலும் இவ்வறிவு விளங்கிற்று. நுந்தா விளக்கு ஒன்று எரிக்கத் தஞ்சைப் பெருங்கோயிலில் 96 ஆடுகள் இடையரிடம் விடப்பட்டன. அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவை சாவா மூவாப் பேராடுகள். ஆடு சாகாதா? சாகும். ஆயினும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிறைவாக வைத்திருப்பது பெற்றவர் கடமை. பயனை நுகரலாம், முதல் குறையலாகாது என்பதே அதன் பொருள். நிலவும் கதிரவனும் உள்ளவரை என்பது அதன் காலவரை.

கடலூர் மாவட்டத்தில் காக்க வேண்டிய முதல் எத்துணைப் பெரிது! திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு, மூன்றாம் இராசராசனைக் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறை வைத்ததையும், போசளப் படை வந்து மீட்டதையும் விரித்துரைக்கின்றது. தில்லைக் கோயிற் சுவர்களிலோ அதே கோப்பெருஞ்சிங்கனின் காலத்துக் கொடைகள், பூந்தோட்டத்துக்கு விட்ட நிலங்கள் பேசப்படுகின்றன. பகைவர் தரப்பு ஒரு சுவரில். அவன் தரப்பு மற்றொரு சுவரில். இரண்டில் ஒன்று தேய்ந்தாலும் வரலாறு ஒற்றைக் கண்ணதாகும்.

இன்றைய சட்டம் என்ன சொல்கின்றது? 1882-ஆம் ஆண்டின் உடைமை மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், குத்தகையாளர் தாம் பெற்ற நல்ல நிலையிலேயே உடைமையைத் திருப்பித் தரவேண்டும், கட்டடத்தை இடிக்கலாகாது என்கின்றது. ஆனால், இருவரும் வேறுவகையாக உடன்பட்டால் அதுவே செல்லும். உடைமையாளரே இடிக்க இசைந்தால் பழமைக்காகப் பேச அங்கே ஆளில்லை.

1958-ஆம் ஆண்டின் தொல்நினைவுச் சின்னச் சட்டம், 6-ஆம் பிரிவில், காக்கப்பட்ட சின்னத்தின் உடைமையாளரோடு மாவட்ட ஆட்சியர் பேணல் உடன்படிக்கை செய்ய வழிவகுக்கின்றது. அது அவர்வழி உடைமை பெறுவோரையும் கட்டுப்படுத்தும். நன்று. ஆயினும் மூன்றாண்டு கழிந்தபின், ஆறு திங்கள் முன்னறிவிப்புத் தந்து, அவ்வுடன்படிக்கையை முறித்துக்கொள்ளலாம்! நிலவும் கதிரவனும் எங்கே, ஆறு திங்கள் எங்கே? மேலும், காக்கப்பட்ட சின்னமென அறிவிக்கப்படாத கோயிலுக்கும் மண்டபத்துக்கும் இதனால் பயனில்லை.

1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டமோ, 34-ஆம் பிரிவில், கோயில் உடைமையை ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட ஆணையரின் இசைவு வேண்டும் என்கின்றது. கோயிலுக்குத் தேவையா, நன்மையா என்பதே அங்குக் கேட்கப்படும் கேள்வி. கல்வெட்டைக் காப்பது கோயிலுக்கு நன்மையன்றோ?

ஆகவே செய்யத்தக்கவை அரியவை அல்ல. திருப்பணி உடன்படிக்கை ஒவ்வொன்றிலும் நான்கு கட்டுறுப்புகள் இடம்பெறுக. ஒன்று, வேலை தொடங்குமுன் கல்வெட்டு முழுமையும் படியெடுக்கப்பட வேண்டும். இரண்டு, கல்லின் மேல் மணல்வீச்சு கூடாது. அழுக்கோடு எழுத்தையும் அது அரித்துவிடும். மூன்று, சுண்ணச்சாந்து இட்ட பழங்கட்டில் சிமிட்டி எனப்படும் பைஞ்சுதையைத் திணிக்கலாகாது. நான்கு, பிரித்த கல் ஒவ்வொன்றும் எண்ணிடப்பட்டு அதன் இடத்திற்கே மீள வேண்டும். குத்தகை ஆவணத்திலோ, பெற்றவரும் அவர்வழி வருவோரும் இக்கடமைக்கு உட்பட்டவர் என்னும் ஒருவரி போதும். மீறினால் குத்தகை முறியும் என்பதும் சேர்க. தண்டமில்லாக் கட்டுறுப்பு வேலியில்லாப் பயிர்.

இதனை அரசு எழுதட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. ஊர்தோறும் திருப்பணிக்குப் பொருள் தருவோர் தமிழரே. பணம் தருமுன் உடன்படிக்கையைக் கேட்டுப் படியுங்கள். எழுத்தைக் காக்கும் வரி அதில் இல்லையேல், எழுதிய பிறகே பணம் என்று சொல்லுங்கள். அறம் செய்தோர், அதைக் காப்பவர் திருவடி தம் தலைமேலது என்று கல்லில் எழுதி வைத்தனர். அத்தலை வணக்கத்தைப் பெறும் தகுதி, அவ்வெழுத்தைக் காக்கும் கைகளுக்கே உண்டு.